மழுங்கடித்தல்

ஆரணி
3 ஜூலை 2025

பவித்ராவுக்கு,

அவனுக்குக் காது கேட்கிறதா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்து பார்க்கிற டாக்டரிடம் கேட்டேன். கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம் என்றார். வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டரும் இதையேதான் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். தெரிந்ததுபோல் எழுதி உன்னை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டால், "அது பேசாதுங்க" என்று வைத்துவிடுகிறார். தபாலில் கேட்டாய், தபாலிலேயே பதில்.

பாலுவைப் போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முன்னறையில் என் புத்தக அலமாரியை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறது. மூக்கில் குழாய். வடிகட்டிய ராகிக் கஞ்சியை ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிக் குழாய் வழியாக விடுகிறோம். உண்ணாமலை என்று வெம்பாக்கம் பக்கத்து அம்மாள் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். நான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டிருக்கிறேன். முதுகில் புண் வராமலிருக்கப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியின் உடம்பு இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் டாக்டர் எழுதியிருந்த சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆப்டண்டட். உன் அண்ணனின் போன் அதற்கு 'மந்தம்' என்று காட்டியது தவறில்லை, ஆனால் போதாது. விழிப்பு மங்கிய நிலை. கூப்பிட்டால் விழிக்காது, உலுக்கினால் லேசாக அசைந்துவிட்டு மறுபடி மூழ்கிவிடும். மயக்கம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாத, தூக்கம் என்றும் சொல்ல முடியாத இடம்.

சொல்லின் பிறப்பையும் கேட்டிருக்கிறாய். உனக்கு அது எதற்கு என்று புரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லத்தீனில் 'டுண்டெரே' என்றால் அடிப்பது, இடிப்பது. 'ஒப்' என்றால் எதிரே, மேலே. ஒன்றின்மேல் மோதி மோதி அடிப்பது. கத்தியையோ வாளையோ அப்படி அடித்தால் முனை போய்விடும். அதனால் மழுங்கடித்தல் என்று பொருள் வந்தது. மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு 'கன்டூஷன்' என்று எழுதினார்களே, அடிபட்ட காயம், அதுவும் இதே வினையிலிருந்து வந்ததுதான். ரோமர்கள் இந்தச் சொல்லைக் காதுக்கும் பயன்படுத்தினார்கள். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவன் காதை மரத்துப்போக வைப்பதற்கும் இதே சொல்.

வேறு விசேஷம் இல்லை.

அபிதகுசாம்பாள்


படவேடு
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிரித்துப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மழுங்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் கரும்பு வெட்டுகிற கத்தி வருஷத்துக்கு எத்தனை தடவை மழுங்குகிறது. சந்தவாசலுக்குக் கொண்டுபோய்த் தீட்டினால் முன்னைவிடக் கூராக வருகிறது. உடைந்தது என்றோ போய்விட்டது என்றோ அந்த டாக்டர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மழுங்கியிருக்கிறது என்றுதானே எழுதினார்? படித்தவர், யோசித்துத்தானே எழுதியிருப்பார்?

என் அம்மா ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்தது. இதில் மடித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு நம்பிக்கை இல்லை, தெரியும். உண்ணாமலை அம்மாவிடம் கொடுத்தால் பூசிவிடும்.

காதைப் பற்றி எழுதிய கடைசி வரியை எனக்காகத்தான் எழுதினீர்களா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. தறிக்குத் தார் எடுக்க ஆள் வரலையே, எழுந்து போய்ப் பார்க்கத் தோணலையா உனக்கு? பெரிய டாக்டர் வரும்போது கேட்டீர்கள். ரத்தம் கொடுக்க வந்த பையன்கள் எதிரில் கேட்டீர்கள். என் அண்ணன் வந்தபோதும் கேட்டீர்கள். கடைசியில், "இனிமே அவனத் தொடாத நீ" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை.

அவருக்குக் காது கேட்கிறதா என்று டாக்டரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். எனக்கு அது ரொம்ப முக்கியம்.

பவித்ரா


ஆரணி
12 ஜூலை 2025

பவித்ராவுக்கு,

விபூதியை உண்ணாமலையிடம் கொடுத்துவிட்டேன். காலையும் மாலையும் பூசுகிறாள்.

கத்தி உதாரணத்தை நீ விட்டுவிட வேண்டும். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, பாலுவுக்கு என்ன ஆகும் என்பது வேறு. ரோமாபுரியில் யாரோ வாளைப் பார்த்துச் சொன்னது இவன் மண்டைக்குள் இருக்கிற ரத்தக்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த டாக்டருக்கு லத்தீன் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு இது ஒரு படிக்கட்டில் இத்தனாவது படி என்பது போன்ற குறிப்பு, அவ்வளவுதான். இதை எழுதுவதால் நீ என்னை இரக்கமற்றவள் என்று நினைக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கொரு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனவர்களை நீயும்தான் பார்த்தாய். நான் அதைச் செய்ய மாட்டேன்.

டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். அவர் பாலுவின் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். அவன் முகம் சுளித்தான், கை ஒரு விரற்கடை நகர்ந்தது. வலி தெரிகிறது, குரல் தெரிகிறதா என்பதைச் சொல்ல முடியாது என்றார். நானே கைதட்டிப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை இமை அசைந்ததுபோல் இருந்தது. இன்னொரு தடவை போட்டபோது அசையவில்லை. அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

உண்ணாமலைக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. நாள் முழுவதும் அவனிடம் பேசுகிறாள். "இன்னா சாமி, மொதலாளி மாதிரி படுத்துகினு எங்களயே வேல வாங்கிகினுகீற? ஏந்து ஒரு டீயாவது வாங்கித் தரக் கூடாதா?" என்கிறாள். பதில் வராத பேச்சை அவ்வளவு நேரம் எப்படிப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வரியை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அகராதியில் இருப்பதைத்தான் எழுதினேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்கிறாய். பதில் வந்திருந்தால் ஒரு தடவையோடு நின்றிருக்கும். அவன் விழுந்த அன்றைக்கு நீ விசைத்தறிக் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து தார்க் குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். குறுக்கே ஓடுகிற ஊடை நூலின் தார் தீர்ந்தால் அவன் எழுந்து வந்து வேறு தார் எடுத்துப்போக வேண்டும். அவன் வரவில்லை. உன் கூடை நிறைந்து வழிந்திருக்கிறது. தறி ஊடையே இல்லாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. ஊடை தீர்ந்தால் தறியை நிறுத்துகிற கம்பியை யாரோ செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள் என்று பிறகு வந்து பார்த்த மெக்கானிக் சொன்னார். கம்பி கோளாறாக இருந்தால் சரிசெய்ய வேண்டியதுதானே, ஏன் கட்ட வேண்டும்? இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல் இல்லை என்று நீயே எழுதுகிறாய். அப்படியானால் சொல்.

அபிதகுசாம்பாள்


படவேடு
18 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்கிறேன். இதை எழுத நாலு நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்தக் கம்பியைக் கட்டியது அவர்தான். கோளாறு ஒன்றும் இல்லை.

உங்களுக்குக் கல்லூரி லீவு விட்டால் அவருக்குப் பயம் வந்துவிடும். நீங்கள் அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை, எனக்குத் தெரியும். அதுதான் அவருக்குப் பயம். முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். தறி நின்றால் தலையை நிமிர்த்திக் கொட்டகைப் பக்கம் பார்ப்பீர்கள். அவ்வளவுதான் செய்வீர்கள். அந்தப் பார்வைக்கு அவர் நடுங்குவார். தறி வாங்கிக் கொடுத்த அக்கா, கல்யாணமே செய்துகொள்ளாமல் தன்னைப் படிக்க வைக்கப் பார்த்த அக்கா, தான் பத்தாவதோடு நின்றுவிட்டதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத அக்கா. "திட்டினா தொடச்சிகினு போய்டலாம் பவி, அது பாக்குதே" என்பார்.

ஆனால் அவருக்கு ஒரே இடத்தில் உட்காரவும் முடியாது. லோகநாதன் கடைக்குப் போய் ஒரு டீ குடித்து நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால்தான் கை ஓடும். அதற்காகக் கம்பியைக் கட்டினார். புதுத் தார் போட்டுத் தறியை ஓடவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போவார். தார் தீர்வதற்குள் வந்துவிடுவார். சில நாள் பேச்சு நீண்டுவிடும், தறி வெறுமனே அடிக்கும், துணியில் ஊடை இல்லாமல் இடைவெளி விழுந்துவிடும். அவர் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் துணியைப் பின்னால் சுற்றி இழுத்துச் சரிசெய்வோம். சிரிப்பு வந்துவிடும். "சிரிக்காத, பிரின்சிபால் காதுல வுழும்" என்று என் வாயைப் பொத்துவார். உங்களை அப்படித்தான் சொல்வார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கும் தறி வெறுமனே அடித்தது எனக்குக் கேட்டது. தார் எடுக்க அவர் வராததும் தெரிந்தது. லோகநாதன் கடையில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இந்த மனுஷன் இன்றைக்கு ரொம்பத்தான் உட்கார்ந்துவிட்டார், நீங்கள் கண்டுபிடித்துவிடப் போகிறீர்கள் என்று பயந்தேன். நீங்கள் ஒரு தடவை, "சாப்பிட வரலையா அவன்?" என்று கேட்டீர்கள். "வேலையா கீறாருங்க, கொஞ்சம் போட்டும்" என்று சொன்னேன். நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே, ஏன் நம்ப மாட்டீர்கள்? நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை, அண்ணி. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் தறியை நிறுத்தலாம் என்று நானே உள்ளே போனேன். தறிக்கும் சுவருக்கும் நடுவில் தலையில் அடிபட்டுக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் அவர் தலைமாட்டில் நின்றுதான் கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றுதான். அவருக்குக் காது கேட்டால்? உங்களிடம் இத்தனை வருஷம் மறைத்ததை, அசையக்கூட முடியாமல் கிடக்கிறபோது அவர் காதுபடவே நான் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் திரும்பத் திரும்ப உங்களைக் கேட்கிறேன். கேட்கிறதா, கேட்கவில்லையா?

கேட்கவில்லை என்றால் போகட்டும். கேட்கிறது என்றால் இன்னொரு பயம் எனக்கு. நீங்கள் கேட்ட கேள்வியெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அக்கா கண்டுபிடிக்கப் போகிறது என்று அங்கேயே பயந்துகொண்டு கிடக்கிறாரோ என்னவோ. கண் திறந்தால் உங்களைப் பார்க்க வேண்டுமே என்று திறக்காமல் இருக்கிறாரோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அவர் காதுக்குப் பக்கத்தில் போய், எனக்குத் தெரியும்டா, பரவாயில்லை என்று சொல்லுங்கள். நான் வந்து சொன்னால் நம்ப மாட்டார், சமாளிக்கிறேன் என்று நினைப்பார். உங்கள் வாயால் வரவேண்டும்.

பவித்ரா


ஆரணி
22 ஜூலை 2025

பவித்ரா,

உன் கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை.

லோகநாதனிடம் போய்க் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, நீ எழுதியதை நம்பினேன். ஆனாலும் போனேன். கடையில் கூட்டம் இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாலு எந்த பெஞ்சில் உட்காருவான் என்று காட்டினார். "நீங்க லீவுல கீறப்பதான் ஜாஸ்தி வருவாருங்க, ஜல்தி ஜல்தின்னு டீ கேட்டு வாங்கிகினு அப்புறம் ஏந்திருக்கவே மாட்டாரு" என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் ஒரு டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நான் நிமிர்ந்து பார்ப்பது எனக்கே தெரியாது. கண் வலித்தால் நிமிர்வேன். கொட்டகை அந்தப் பக்கம் இருக்கிறது.

இரண்டு நாளாக பாலுவுக்குக் காய்ச்சல். சளி கட்டியிருக்கிறது. டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். உலுக்கினால் முன்பு அசைந்த அளவுக்கு இப்போது அசைவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ கேட்டதைச் செய்கிறேன்.

அபிதா


ஆரணி
27 ஜூலை 2025

பவித்ரா,

நீ பதில் எழுதுவாய் என்று காத்திருக்காமல் நானே எழுதுகிறேன். நீ வா. தொடாதே என்று உன்னைச் சொன்னதற்கு எந்த மதிப்பும் கிடையாது. அதைச் சொல்ல நான் யார்? அவனைக் குளிப்பாட்டும்போது உண்ணாமலை, "சம்சாரம் கை பட்டா நல்லதுமா, நாம இன்னா இருந்தாலும் வெளி ஆளுங்க" என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். காய்ச்சல் இறங்கவில்லை. வேலூருக்கே கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, வழியில் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல சேதி எதுவும் இல்லாமல் வா என்று கூப்பிடுகிறேன்.

நீ கேட்டதை இன்னும் செய்யவில்லை. செய்கிறேன் என்று எழுதி ஐந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் உண்ணாமலை உள்ளே வந்துவிட்டாள். ஒரு நாள் அவனுக்கு இருமல் வந்து குழாயைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மற்ற நாள்களுக்குக் காரணம் சொல்ல முடியாது. வகுப்பில் அறுபது பேருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசுகிறவள், இங்கே வாய் திறந்தால் என் குரலே எனக்கு நாடகம்போல் கேட்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை என்றால் யாருக்காகச் சொல்கிறேன்? கேட்கிறது என்றால் ஒரு வாக்கியத்தில் எப்படிச் சொல்வேன்? பரவாயில்லை என்பது போதுமா? எது பரவாயில்லை? டீ குடித்ததா? அவன் அந்தச் சந்து வழியாகப் போய் வந்த இத்தனை வருஷமா?

நீ கத்தியைப் பற்றி எழுதினாயே, அதற்கு நான் வேறு விதமாகப் பதில் எழுதியிருக்கலாம். அந்தச் சொல்லில் முனை உடைந்துபோவது என்ற பொருள் இல்லை, நீ சொன்னது சரி. அதை எழுதினால் உனக்கு ஆசை வளரும் என்று எழுதாமல் விட்டேன்.

இப்போது இரவு பத்து மணி. நாளைக் காலையில் சொல்லிவிடுகிறேன். உண்ணாமலையைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, அவள் வருவதற்குள். இதைப் போஸ்ட் செய்யும்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

28 ஜூலை

இந்தக் கடிதம் போகப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

காலையில் உண்ணாமலை அவனைப் புரட்டப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டாள். நான் போய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூக்குக் குழாயை அவள் மெல்ல எடுத்தாள். அது இல்லாமல் அவன் முகத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். உன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

நீ வந்து இறங்கியபோது தெரு நிறைய ஆட்கள். பெண்கள் அழுதுகொண்டே உனக்கு வழி விட்டார்கள். அவன் தலைமாட்டுக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீ அங்கே போகவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த என்னிடம் நேராக வந்தாய். அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"கேட்டுச்சா அவருக்கு?"

"தெரியல பவித்ரா."

நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகுதான் அவனிடம் போனாய்.